பையை வைக்க ஓர் இடம்: பாரிமுனைப் பெரியவர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பான தூய வின்சென்ட் தே பவுல் சபையில் சேருகிறவருக்கு முதலில் சொல்லித்தருவது இல்லச் சந்திப்பைத்தான். இரண்டு பேராகப் போக வேண்டும். ஏழையை நம்மிடம் வரச்சொல்லக் கூடாது. நாம்தான் அவர் வீடு தேடிப் போக வேண்டும். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். 1833-இல் பாரீசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு சேர்ந்து இதைத் தொடங்கியபோதே வழக்கம் இதுதான். அதற்கு முந்தைய ஆண்டு காலரா அந்த நகரத்தின் ஏழைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. முஃப்தார் பகுதியில் ஏழைகளோடு வாழ்ந்துவந்த அருட்சகோதரி ரோசலி, எந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்த இளைஞர்களுக்கு வழிகாட்டினார். படியேறிப் போய்க் கதவைத் தட்டினார்கள். சபை அப்படித்தான் வளர்ந்தது.

வடசென்னையில் எங்கள் பங்கின் (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தின்) கிளைச்சபையும் அதே வழியில்தான் போகிறது. வாரம் ஒருமுறை கூடுவோம். ஜெபம், போன வாரம் பார்த்தவர்களைப் பற்றிய பேச்சு, முடிவில் இரகசியப் பை. பை கைமாறிச் சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. உதவி பெறுகிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு: பெயர், வயது, முகவரி, ரேஷன் கார்டு எண், குடும்ப உறுப்பினர்கள், மாத வருமானம்.

இங்கே நான் எழுதப்போகும் பெரியவருக்கு அந்தப் படிவத்தில் பெயரையும் உத்தேச வயதையும் தவிர வேறு எதையும் நிரப்ப முடியவில்லை. இல்லச் சந்திப்பையே அடித்தளமாகக் கொண்ட ஒரு சபை, இல்லமே இல்லாதவரை எப்படிச் சந்திப்பது? இந்தக் கேள்விதான் இந்த ஆய்வு முழுக்க ஓடுகிறது.

சந்தித்தவர்களைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது சபை ஒழுங்கு. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரைப் போடாம எழுதுங்க தம்பி. ஊர்ல ஆளுங்க இருக்காங்க" என்றார். அதனால் பெயர் இல்லை, ஊர் இல்லை, அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களும் இல்லை.

வண்டி

தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதின்வயதில் சென்னைக்கு வந்தவர். அப்போது மொத்தக் காய்கறிச் சந்தையாக இருந்த கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினார். காய்கறி, வெங்காயம், வாழைத்தார் என்று எல்லாச் சுமையும். அந்தக் காலத்தில் சாவடித் தொழிலாளி பலருக்குத் தனியாக வீடு என்று ஒன்று தேவைப்படவில்லை. விடியற்காலையில் லாரி வரும், இறக்க ஆள் வேண்டும், கடை வாசலில் படுத்திருப்பவர்தான் முதல் ஆள். சாப்பாடும் குளியலும் பேச்சும் எல்லாம் அந்தச் சந்துகளிலேயே முடிந்துவிடும்.

1996-இல் மொத்தக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. சாவடி இருந்த, நெரிசலில் திணறிக்கொண்டிருந்த ஜார்ஜ் டவுனுக்கு அது தேவையாகத்தான் இருந்தது. ஆனால் சந்தையோடு போனவர்கள் வியாபாரிகள். கூலிக்காரர்களில் எத்தனையோ பேர் போகவில்லை, அல்லது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே வேறு ஆட்கள், வேறு மேஸ்திரிகள். இவரும் திரும்பியவர்களில் ஒருவர். சேர்த்துவைத்த பணத்தோடு கடனும் வாங்கி மிதித்து ஓட்டும் மூன்று சக்கரச் சுமைவண்டியான மீன்பாடி வண்டி ஒன்றைப் பழையதாக விலைக்கு வாங்கினார். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டு ஏற்றுவார், மண்ணடியில் இரும்புச் சாமான் ஏற்றுவார். பகலில் அந்த வண்டியில் ஓடுவது, இரவில் அதன் பலகையிலேயே படுப்பது என்று காலம் போயிற்று. கல்யாணம் நடக்கவில்லை. அண்ணன் இறந்தபிறகு ஊருக்குப் போகவும் இல்லை.

அவர் வீட்டை இழந்தவர் என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தோம். கேட்டுப் பார்த்தால், சென்னையில் அவருக்கு ஒருநாளும் வீடு இருந்ததில்லை. அவர் இழந்தது வேலையைச் சுற்றியிருந்த ஒரு வாழ்க்கையை. தெருவில் படுத்திருக்கிறவர் எல்லாரையும் குடித்து அழிந்தவர் அல்லது பிள்ளைகள் துரத்திவிட்டவர் என்று இரண்டே கதைக்குள் அடைத்துவிடுகிறோம். இந்தப் பகுதியில் நடந்து பார்த்தால், நகரத்துக்கு வேலை செய்யவென்று வந்து, அந்த வேலை இடம்பெயர்ந்த பின்னும் அங்கேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். தாத்தா காலத்திலிருந்தே நடைபாதையில் குடியிருக்கிற குடும்பங்களும் அங்கே உண்டு. பிறப்பு, பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு எல்லாமே அந்த ஓரத்தில்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கென்று பிப்ரவரி 28 இரவை ஒதுக்கினார்கள். நாடு முழுவதும் கிடைத்த எண்ணிக்கை ஏறத்தாழ 17.7 இலட்சம். பாலத்தடியிலும் கோவில் வாசலிலும் ரயில் நிலையத்திலும் தூங்குகிறவர்களை ஒரே இரவில் எண்ணி முடிப்பது எவ்வளவு கடினம் என்பது, இரவில் ஒருமுறை பாரிமுனையைச் சுற்றி வந்தவர்களுக்குப் புரியும். அந்த எண்ணில் இவர் இருக்கிறாரா என்று அவருக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு

அவரை நாங்கள் பார்த்தது அர்மேனியன் தெரு அந்தோணியார் கோவில் பக்கம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே கூட்டம் நெருக்கும். கிறிஸ்தவர் மட்டுமல்ல, எல்லா மதத்தவரும் வருவார்கள். நேர்ந்துகொண்டது நிறைவேறியவர்கள் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். அந்தோணியார் பெயரில் ரொட்டி கொடுக்கும் பழைய வழக்கம் இங்கே சோற்றுப் பொட்டலமாக மாறியிருக்கிறது. எங்கள் கிளைச்சபைத் தலைவர் (அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தவர், இவர் காலைப் பார்த்து நின்றுவிட்டார்.

வலது பாதத்தில் பால் கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தார். மழைத் தண்ணீர் போகாமலிருக்க. உள்ளே பழைய துணி. பெருவிரல் கறுத்திருந்தது. பக்கத்தில் குனிந்தபோதே வாடை தெரிந்தது. பக்கத்தில் மூன்று சாப்பாட்டுப் பொட்டலங்கள், ஒரு கேசரிக் கிண்ணம், பிறந்தநாள் கேக் துண்டு ஒன்று.

சர்க்கரை நோய். எப்போதோ ஒரு முகாமில் சொல்லியிருக்கிறார்கள், மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், தீர்ந்தபிறகு வாங்கவில்லை. அவர் அன்றாடம் சாப்பிட்டது என்ன என்று பிறகு கேட்டு எழுதிக்கொண்டேன். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி. மதியம் கோவில் அன்னதானம் அல்லது யாராவது தரும் தக்காளி சாதம், பிரியாணி. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பக்கம். செவ்வாய் எங்கள் பக்கம். விசேஷ நாட்களில் சர்க்கரைப் பொங்கல், லட்டு, கேசரி. இரவில் கடை சாத்தும்போது பேக்கரிக்காரர் தரும் பன். பசி என்பது அவருக்கு எப்போதாவது வரும் பிரச்சினை. காலை அழுகச் செய்துகொண்டிருந்ததோ ஒவ்வொருவரும் நல்ல மனதோடு கொடுத்த வெள்ளைச் சோறும் இனிப்பும்தான்.

இதை எழுதும்போது, சோறு போடுகிறவர்களைக் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சோறு இல்லாமல் அவர் உயிரோடு இருந்திருக்கவே மாட்டார். 2020 ஊரடங்கில் கடைகள் மொத்தமாகச் சாத்தியபோது, பொட்டலம் கொண்டுவந்தவர்களால்தான் அந்தத் தெருவே பிழைத்தது. நான் சொல்ல வருவது வேறு. பொட்டலம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிற ஒருவருக்கு அந்தப் பால் கவர் தெரியாது. கொடுக்கிற கை மாறிக்கொண்டே இருக்கும்போது, வாங்குகிறவர் யாருடைய கண்ணிலும் தங்குவதில்லை. நேற்று கேசரி கொடுத்தவருக்கு இன்று கேக் கொடுப்பவரைத் தெரியாது; இருவருக்கும் சர்க்கரை நோய் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொட்டலத்தை நீட்டும்போது செல்போனையும் தூக்குகிறார்கள். அப்போதெல்லாம் பெரியவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார். துண்டை எடுங்க தாத்தா என்று ஒரு பையன் சொன்னதை நானே கேட்டேன். அவர் எடுக்கவில்லை, பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மறுப்பில் இருந்த கௌரவத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஏன் மருத்துவமனைக்குப் போகவில்லை

நடந்துபோகும் தூரத்தில் பெரிய அரசு மருத்துவமனை. இலவசம். இருந்தும் அவர் போகவில்லை. அண்ணன் சொன்னார், நான் சொன்னேன், பூக்கடைக்கார அம்மா திட்டினார். "பாக்கலாம் தம்பி" என்பதுதான் பதில். குடிப்பார், உண்மை, ஆனால் தினமும் இல்லை. பிடிவாதம் என்றார்கள் சிலர். பயம் என்றார்கள் சிலர். காப்பகத்துக்கும் போகமாட்டேன் என்றார். மாநகராட்சி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டும் மறுநாளே திரும்பி வந்திருக்கிறார். இதெல்லாம் சேர்ந்து, இவர் உதவியை ஏற்கமாட்டார் என்றே தெருவில் முடிவுகட்டிவிட்டார்கள்.

அண்ணன் மட்டும் விடவில்லை. இல்லச் சந்திப்பு என்றால் உட்கார வேண்டும் அல்லவா, அப்படியே வண்டிப் பலகையில் போய் உட்கார்ந்துகொள்வார். கையில் பொட்டலம் எதுவும் இல்லாமல் போவார். நானும் கூடப் போவேன். காகிதக் கட்டு விலை, பழைய சாவடி மேஸ்திரிகள், ஊர்த் திருவிழா என்று பேச்சு போகும். ஒருநாள் அண்ணன் கேட்டார்: "ஆஸ்பத்திரிய விடுங்க ஐயா. இப்ப உங்களுக்கு என்ன வேணும்? உங்க வாயால சொல்லுங்க."

கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பையை வைக்க ஒரு இடம் வேணும்."

பிளாஸ்டிக் பின்னல் பை ஒன்று. தலைக்கு அடியில் வைத்துப் படுப்பார். உள்ளே இரண்டு வேட்டி சட்டை, ஒரு போர்வை, அம்மாவின் பழைய புகைப்படம், வண்டிக்கு வாங்கிய கடனை அடைத்ததற்கான ரசீது, கொஞ்சம் பணம். முன்பு ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வேறொரு பையில் வைத்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது போய்விட்டது. அதற்குப் பிறகு பையைவிட்டு ஓர் இரவுகூட விலகியதில்லை. மருத்துவமனையில் படுத்தால் பையை யார் பார்ப்பது? வண்டியை யார் பார்ப்பது? சங்கிலி போட்டுப் பூட்டிவைத்த வண்டிகளே இரவோடு இரவாகக் காணாமல் போகிற இடம் அது. காப்பகத்தை விட்டு வந்ததற்கும் காரணம் இதுதான்: வண்டியை அங்கே கொண்டுபோக முடியாது. அதோடு, விடியற்காலை நாலு மணிக்கு லோடு வரும்போது காப்பகத்தின் கதவு திறந்திருக்காது. ஒருநாள் லோடுக்குப் போகாவிட்டால் மறுநாள் வேறொருவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆக, அவர் பிடிவாதக்காரரும் அல்ல, பயந்தவரும் அல்ல. தன்னிடம் இருந்ததைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் நானிருந்தாலும் காலைவிட வண்டியைத்தான் முதலில் பார்த்திருப்பேன் என்று தோன்றுகிறது. வண்டி போனால் காலுக்கே வேலை இல்லை.

எரிகோவை விட்டுப் போகும் வழியோரத்தில் உட்கார்ந்திருந்த பார்வையற்ற பிச்சைக்காரர் பர்த்திமேயுவிடம் இயேசு கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது: உமக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்? பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே தெரியாதா? தெரிந்தும் கேட்கிறார். பலமுறை வாசித்த பகுதிதான். அந்தக் கேள்வி ஒரு மரியாதை என்பதும், மரியாதை மட்டுமல்ல, அதைக் கேட்காமல் சரியான உதவியைச் செய்யவே முடியாது என்பதும் அந்த வண்டிப் பலகையில்தான் எனக்கு விளங்கியது.

வத்திக்கானிலும் இப்படித்தான் நடந்தது. திருத்தந்தையின் தர்மப் பணிகளை அப்போது கவனித்துவந்த பேராயர், வீடற்ற ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவரைச் சாப்பிட அழைத்தார். என் உடம்பு நாறுகிறது, உணவகத்துக்குள் எப்படி வருவேன் என்று அவர் தயங்கினார். ரோமில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, குளிக்கத்தான் இடமில்லை என்பது அப்போது தெரியவந்தது. 2015 பிப்ரவரியில் புனித பேதுரு சதுக்கத்தின் தூண்வரிசைக்கு அருகே வீடற்றவர்களுக்கான குளியலறைகள் திறக்கப்பட்டன, முடிவெட்டும் வசதியோடு.

சரி, பைக்கும் வண்டிக்கும் இடம் தேட வேண்டும். பங்குத்தந்தையிடம் கேட்டோம். கோவில் வளாகத்தின் பின்னால், திருவிழாச் சப்பரம் நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. வண்டி அதற்குள் போனது. பை, அதே கொட்டகையில் ஒரு இரும்புப் பெட்டியில். பூட்டு புதிது, இரண்டு சாவியையும் அவரிடமே கொடுத்தோம். ஒன்றை நாம் வைத்துக்கொள்ளலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. நம் வீட்டுச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவைக்கிறோமா என்று கேட்டார்.

பெட்டியைப் பூட்டிய மறுநாள் காலையில் பெரியவரே கேட்டார்: "எப்ப போலாம் ஆஸ்பத்திரிக்கு?"

மருத்துவமனை, அப்புறம் காப்பகம்

புறநோயாளிச் சீட்டு வாங்கும்போதே முதல் கேள்வி: கூட யார் வந்திருக்கிறார்கள்? வார்டில் படுக்கையில் சேர்த்தபிறகு நாள் முழுக்க அதே கேள்விதான். சீட்டை எடுத்துக்கொண்டு இரத்தப் பரிசோதனைக்கு ஓட, தள்ளுவண்டி பிடிக்க, மருந்து வாங்க ஓர் ஆள் வேண்டும். நர்ஸ் அம்மா ஒருவருக்கு எத்தனையோ படுக்கைகள். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கூட ஆளில்லாத நோயாளிக்கு இந்த அமைப்பில் இடமே யோசிக்கப்படவில்லை. எங்கள் கிளைச்சபையில் முறைபோட்டுக்கொண்டு இருந்தோம். உறவுமுறை என்ன என்று கேட்ட இடத்திலெல்லாம் அண்ணன் தயங்காமல் "என் தம்பி" என்றார், பெரியவரைவிட அண்ணன் வயதில் மூத்தவர் இல்லை என்றபோதும். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது.

உண்மையான சிக்கல் வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் வந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தது: காலை உயர்த்திவைத்து ஓய்வு, தினமும் கட்டு மாற்ற வேண்டும், ஈரம் படக்கூடாது, வேளாவேளைக்குச் சர்க்கரை நோயாளிக்கான சாப்பாடு, இன்சுலின். நடைபாதையில் இதில் எதுவும் நடக்காது. இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதே போதும். வீடுள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட மருந்துச் சீட்டு அது.

இந்த நிலையில்தான் காப்பகத்தின் அருமை தெரிகிறது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொடுத்த உத்தரவுகளுக்குப் பிறகு, வீடற்றோர் காப்பகம் என்பது தர்மகாரியம் என்ற நிலையிலிருந்து அரசின் கடமை என்ற நிலைக்கு வந்தது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைப்படி, ஓர் இலட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் ஒன்று, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றிருந்தது. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி. 2011 கணக்கின்படி சென்னை அப்போதைய எல்லைக்குள்ளேயே 46 இலட்சம் மக்களைக் கொண்ட நகரம். எத்தனை காப்பகம் வேண்டும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். வண்டி பத்திரமாக இருக்கிறது, லோடுக்கு இப்போதைக்குப் போக முடியாது என்று ஆனபிறகு, மாநகராட்சி சார்பில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் ஆண்கள் காப்பகத்துக்குப் பெரியவர் தானாகவே வந்தார். முன்பு ஓடிவந்தவர் ஏன் இப்போது தங்கினார் என்று காப்பகப் பொறுப்பாளர் ஆச்சரியப்பட்டார். எங்களுக்கு ஆச்சரியமில்லை.

முகவரி

காப்பகத்தில் சேர்ந்ததால் கிடைத்த பெரிய பலன், படுக்கையைவிட, முகவரி. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் சான்று கொடுத்தால் ஆதார் எடுக்கலாம். ஆதார் மையத்தில் விரல் ரேகை விழவில்லை. மூட்டையும் கயிறும் வண்டியின் கைப்பிடியும் தேய்த்த விரல்கள். அந்தப் பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். பிறகு கருவிழியைப் பதிவுசெய்து முடித்தார். பெரியவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதார் வந்தபின் வங்கிக் கணக்கு. அப்புறம் முதியோர் உதவித்தொகைக்கு மனு. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம், விசாரணை, வயதுச் சான்று, மறுபடி அலுவலகம். தமிழ்நாட்டில் இந்தத் தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அவருடைய கணக்கில் முதல்முறை பணம் ஏறியபோது பாஸ்புத்தகத்தில் அச்சடிக்கச்சொல்லி வாங்கிவந்து காட்டினார்.

வாக்காளர் அட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வீடற்றவர் வாக்காளராகச் சேர முகவரிச் சான்று தேவையில்லை. அவர் குறிப்பிடும் இடத்தில் உண்மையிலேயே இரவில் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும், அதுவும் ஓர் இரவோடு நிறுத்திவிடக் கூடாது என்று தேர்தல் ஆணையத்தின் விதிமுறை சொல்கிறது. நான் அறிந்த அரசு விதிகளில் மிகவும் பிடித்தது இதுதான். அலுவலகத்துக்கு வா என்று சொல்லாமல், நீ படுக்கிற இடத்துக்கு வருகிறேன் என்று சொல்கிற விதி. ஓசானாம் எழுதியிருக்க வேண்டியது.

ஜெபத்தில் எழுந்த கேள்விகள்

எங்கள் வாரக் கூட்டத்தில் இந்த நிகழ்வை வைத்து நீண்ட பேச்சு நடந்தது. மத்தேயு நற்செய்தியின் கடைசித் தீர்ப்புப் பகுதியைத்தான் எல்லாரும் எடுப்போம். பசி, தாகம், அன்னியன், ஆடையில்லாதவன், நோயாளி, சிறையில் இருப்பவன் என்று அதில் ஒரு வரிசை. எங்கள் பங்கில் அன்னதானம் உண்டு, மோர்ப்பந்தல் உண்டு, கிறிஸ்துமசுக்குப் புதுத்துணி உண்டு. மூன்றாவதை, அன்னியனை ஏற்றுக்கொள்வதை, நாங்கள் தாண்டிப் போய்விடுகிறோம். மற்றவற்றுக்குப் பணமும் ஒரு பிற்பகலும் போதும். மூன்றாவதற்கு நம் இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சப்பரக் கொட்டகையில் ஒரு மூலை என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அதைக் கொடுத்தபிறகுதான் மற்றதெல்லாம் நகர்ந்தது.

பெனடிக்ட் ஜோசப் லாப்ரே என்ற புனிதரைப் பற்றியும் பேசினோம். 1748-இல் பிரான்சில் பிறந்தவர். பல மடங்களில் சேர முயன்றும் ஏற்கப்படாமல், திருத்தலம் திருத்தலமாக நடந்தே திரிந்து, கடைசியில் ரோமின் பழைய கொலோசியத்தின் இடிபாடுகளில் படுத்து வாழ்ந்து, 1783-இல் இறந்தார். 1881-இல் அவரைப் புனிதராகத் திருச்சபை அறிவித்தது. கந்தல் உடுத்தி, பேனும் அழுக்குமாகத் திரிந்த ஒருவரைப் பீடத்தில் வைத்து வணங்குகிறோம். அவர் இன்று எங்கள் கோவில் வாசலில் உட்கார்ந்திருந்தால் காவலாளி என்ன செய்வார் என்று கூட்டத்தில் ஒரு இளைஞர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் ஏழ்மையை அவராக விரும்பித் தேர்ந்துகொண்டார். எங்கள் பெரியவர் தேர்ந்துகொள்ளவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்து, தெருவில் படுப்பதையே ஒரு புனிதமாகப் பேசுவது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தலைசாய்க்க இடமில்லை என்று மானிட மகன் சொன்னது தன் நிலையைத்தான். பெரியவரும் அப்படியே கிடக்கட்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

இன்னொரு கேள்வியும் வந்தது: அவர் கத்தோலிக்கர் இல்லையே, நமக்காக ஜெபிக்கவாவது சொல்லலாமா? அண்ணன் சொன்ன பதில்: "அவர் கும்பிடுற சாமிய அவர் கும்பிடட்டும். நமக்கு வேலை இருக்கு." சபையின் ஒழுங்கும் அதுதான். உதவி பெறுகிறவரின் மதத்தைப் பார்ப்பதில்லை.

இப்போதைய நிலை

பெரியவர் காப்பகத்தில்தான் இருக்கிறார், ஆனால் எப்போதும் அல்ல. இடையில் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பாரிமுனைக்கே திரும்பிவிட்டார். கூட்டுத் தூக்கம் ஒத்துவரவில்லை, பேச்சுத்துணைக்குப் பழைய ஆட்கள் இல்லை என்றார். அங்கேயும் போய்ப் பார்த்தோம். மாத்திரையை விடவில்லை, கட்டு சுத்தமாக இருந்தது. 2023 டிசம்பர் புயல் மழைக்கு முன்பு தானே காப்பகத்துக்கு வந்துவிட்டார். இப்படிப் போவதும் வருவதும் தோல்வி என்று காப்பகப் பதிவேடு சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பது வருடமாக ஒரு தெருவில் வாழ்ந்தவருக்கு அந்தத் தெருவோடும் உறவு இருக்கும்.

அவரால் இனி வண்டி மிதிக்க முடியாது. வண்டியைப் பழுதுபார்த்து, ஓர் இளைஞருக்கு நாள் வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய யோசனை. டயர், செயின், பலகை எல்லாம் மாற்ற வேண்டும். மாதாமாதம் அரிசி கொடுப்பதற்குப் பதிலாக அந்தச் செலவை ஏற்கலாமா என்று கூட்டத்தில் விவாதம் நடந்தது. பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார் என்று ஒருவர் சொன்னார். மெக்கானிக் கடைக்கு நேராகக் கொடுப்பதாக முடிவானது. பெரியவர் அதை ஏற்றுக்கொண்டாலும், ரசீதைத் தன் பெயரில்தான் போட வேண்டும் என்றார். அப்படியே போட்டார்கள். வண்டி இப்போது ஓடுகிறது.

பூக்கடைக்கு எதிரே படுக்கும் மூன்று பேர், தங்களுக்கும் பெட்டி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு அம்மாவிடம் இருப்பது பேத்தியின் பள்ளிச் சான்றிதழ்கள். மழைக்காலம் முழுக்க அவற்றை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம். பங்குப் பேரவையில் எதிர்ப்பும் இருக்கிறது: திருட்டுப் பொருளை வைத்தால் யார் பொறுப்பு, இரவில் வளாகத்துக்குள் ஆட்கள் வந்துபோனால் என்ன ஆகும் என்றெல்லாம். நியாயமான கேள்விகள்தான். காலை ஐந்து முதல் ஆறு வரை, மாலை ஏழு முதல் எட்டு வரை மட்டும் கொட்டகையைத் திறப்பது, அந்த நேரங்களில் எங்கள் ஆள் ஒருவர் இருப்பது என்று எழுதிக்கொடுத்திருக்கிறோம். அதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் ஒரு திருத்தம் சொன்னார்: லோடு நாலு மணிக்கு வருகிறது, ஐந்து மணிக்குத் திறந்தால் யாருக்கும் பயன்படாது. நாலு மணி என்று மாற்றியிருக்கிறோம். அந்த நேரத்துக்கு எழுந்து வரக்கூடியவர்கள் யார் என்பதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.